முப்பத்திரண்டாவது ஆள்

பைக்குள் இருந்த போன் மறுபடியும் ‘டிங்’ என்றது.

யூஜினியா பையை மடியில் போட்டு இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தாள். அது அடங்குவதாக இல்லை. டிங். டிங். ஒன்று முடிவதற்குள் அடுத்தது. அணைக்கலாம் என்றால் ஜிப்பைத் திறக்க வேண்டும். திறந்தால் உள்ளே இருப்பது தன் போன் இல்லை, விரிசல் விட்ட பழைய போன் என்று எதிரில் இருப்பவளுக்குத் தெரிந்துவிடும். எதிரில் இருப்பவள் பார்த்துவிட்டு மறக்கிற ஆளும் இல்லை.

“யாரு கூப்பிடுறாக?” என்றாள் தேனம்மை.

“யாருமில்ல ஆச்சி. காலேஜ் குரூப்பு.”

“சனிக்கிழமையில இம்புட்டுப் பேசுறாகளா காலேஜுல?”

ஒருவழியாகச் சத்தம் நின்றது. யூஜினியாவின் நெற்றியில் வியர்வை வரிவரியாக இறங்கியது. கிட்டத்தட்ட அதே நேரத்தில், மேசை மேல் திறந்திருந்த அண்ணனின் லேப்டாப்பில் ஒரு புதிய வரி முளைத்தது. அனுப்பிய கடிதங்கள் பகுதியில். நேரம் மூன்று பத்து.

“இப்பத்தான் அனுப்பியிருக்கான்,” என்று தேனம்மை மூக்குக்கண்ணாடியை ஏற்றினாள். “போன்ல இருந்து. அப்ப இந்த நிமிசம் உசுரோட இருக்கான். அதுவரைக்கும் நல்லது. படி ஆத்தா.”

யூஜினியா படித்தாள். ‘முறைச்சாவி பயன்படுத்துகிற உங்களுக்கு. இத்தனை நாள் கூட இருந்ததற்கு நன்றி. இன்று மாலை ஆறு மணிக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறேன். யாரும் வருத்தப்பட வேண்டாம். மரிய ஆனந்த்.’

“எல்லாத்தையும்னா?” என்றான் சோணை, வாசலில் இருந்து.

தேனம்மை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

காரைக்குடி செக்காலை ரோட்டு மாடியில் அந்த அலுவலகத்துக்கு வெளியே தொங்கும் போர்டில் ‘டைப்பிங், ஜெராக்ஸ்’ என்றுதான் இருக்கும். உள்ளே நடப்பது வேறு. பெண் கொடுக்கிற வீட்டுக்காக மாப்பிள்ளையை விசாரிப்பது தேனம்மையின் தொழில். நாற்பத்தெட்டு வயதில் அவள் நிறுத்திய கல்யாணங்கள் நடத்தி வைத்ததைவிட அதிகம். சோணை அவளுக்கு டிரைவர், தூதுவன், பேச்சுத்துணை. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கியும் கண்டக்டர் வாய் மட்டும் இறங்கவில்லை.

யூஜினியா அங்கே வந்து சேர்ந்து அரை மணி நேரம்தான் ஆகிறது. அண்ணன் வியாழக்கிழமை காலையில் கிளம்பியவன். யார் கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை. மதுரைக்கு இன்டர்வியூ போயிருக்கிறான் என்று அம்மா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கிறாள். இன்டர்வியூ எதுவும் இல்லை என்பது யூஜினியாவுக்கு மட்டும் தெரியும்.

“ஸ்டேஷனுக்கு நான் சொல்லிட்டேன், அவுக ஒரு பக்கம் தேடட்டும்,” என்றாள் தேனம்மை. “நாம ஒரு பக்கம். அந்த முறைச்சாவின்னா என்ன, சுருக்கமா சொல்லு.”

“எங்க அண்ணன் தனியா செஞ்ச ஆப்பு ஆச்சி. உங்க செட்டியாரு ஆளுக பெரிய வீடெல்லாம் பத்து இருபது பங்காளிகளுக்குச் சொந்தமா இருக்குமில்ல? வாசக்கதவுச் சாவி முறை வச்சு ஒவ்வொருத்தர் கைக்கா போகும்ல? இப்ப யாரு கையில சாவி, யாரு வீட்டத் தொறந்தா, எந்த ரூம்ல ஒழுகுது, எல்லாத்தையும் அதுல போட்டுரலாம்.”

“நல்ல யோசனைதான். சாவிய வச்சுக்கிட்டுக் குடுக்க மாட்டேங்கிற பங்காளி எங்க வீட்டுலயே ரெண்டு பேரு இருக்காக. எத்தனை பேரு சேந்தாக?”

“முப்பத்திரண்டு,” என்றாள் யூஜினியா, தரையைப் பார்த்து.

“அத நம்பியா கோயம்புத்தூர் வேலைய விட்டான்?”

“அதையும் நம்பி… நாராயண் சாரையும் நம்பி.”

லேப்டாப் பையின் பக்கவாட்டில் ஒரு நுழைவு அட்டை செருகியிருந்தது. ‘ஒத்த ஆளு, ஒரு கோடி: தானாக உயர்ந்தவனின் ரகசியங்கள். நாராயண் நடத்தும் மூன்று நாள் பயிலரங்கம். மானகிரி.’ முதல் நாள் வியாழக்கிழமை. தேனம்மை எழுந்து செருப்பை மாட்டினாள்.

“சோணை, வண்டிய எடு.”

“ரைட்டு,” என்றான் சோணை.

* * *

மானகிரியில் ரோட்டோரம் இருந்த ஓட்டல் அரங்கத்தில் நூறு பையன்கள் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் கருப்புச் சட்டையில் நாராயண். வயது முப்பத்தைந்து இருக்கும்.

“எனக்கு யாரும் இல்ல. ஒரு லேப்டாப், ஒரு மேசை, ஒரு நான். அவ்வளவுதான் என் முதலீடு. வேலைய விடுங்க. பயத்த விடுங்க. உங்க யூசர் சொல்றத மட்டும் கேளுங்க.”

“ஒரு நானுக்கு எதுக்கு ஆச்சி நாலு ஸ்பீக்கரு?” என்று சோணை காதுக்குள் சொன்னான்.

யூஜினியா இந்த வாக்கியங்களை மனப்பாடமாக அறிவாள். வீட்டில் அண்ணனின் மேசைக்கு மேலே இதே வரிகள் காகிதத்தில் எழுதி ஒட்டியிருக்கும். ‘பயத்த விடு’ என்ற காகிதத்தின் ஒரு மூலை பிய்ந்து போயிருக்கும். பயந்த நேரங்களில் அவன் அதைப் பிடித்துத் திருகிக்கொண்டிருப்பான்.

தேநீர் இடைவேளையில் தேனம்மை நாராயணை ஒரு தூணுக்குப் பின்னால் நிறுத்திவிட்டாள்.

“உங்கள எங்கயோ பாத்த மாதிரி…” என்று ஆரம்பித்தான் நாராயண்.

“உன் கல்யாணத்துக்கு முன்னாடி, பொண்ணு வீட்டுக்காக உன்னைய விசாரிச்சவ நான்தான்ப்பா. நல்லாத்தான் எழுதிக் குடுத்தேன். அதனால மேடைப் பேச்ச மேடையில வச்சுட்டுச் சொல்லு. மரிய ஆனந்த்னு ஒரு பையன். வியாழக்கிழமை வந்தானா?”

நாராயண் முகத்தில் விளக்கு அணைந்தது. “வந்தான் ஆச்சி. சாப்பாட்டு நேரத்துல தனியா வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். உங்க மொத ஆயிரம் பேரு எப்படி வந்தாங்கன்னு.”

“என்ன சொன்ன?”

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். “எல்லாரும் எப்படி ஒரு கோடி ஆச்சுன்னுதான் கேப்பாங்க. ஆயிரத்த யாரும் கேட்டதில்ல. அவன் மூஞ்சியப் பாத்ததும் எனக்குப் பொய் வரல. உண்மையச் சொல்லிட்டேன். எங்க அப்பச்சிக்கு மில்லு இருக்கில்ல, அங்க வேலை பாத்த அம்புட்டுப் பேரு போன்லயும் என் ஆப்ப ஏத்தச் சொல்லியிருக்காக. எனக்கே ரெண்டு வருசம் கழிச்சுத்தான் தெரியும். ஏன் அப்பச்சி செஞ்சீகன்னு கேட்டேன். ‘உன்னைய நம்பியெல்லாம் செய்யலடா, தோத்துப்போயி நீ உக்காந்திருந்தா பாக்கச் சகிக்காது. பாவம்னு செஞ்சேன்’னாக.”

“அப்பா ஆளு சேத்துக் குடுத்திருக்காக. அப்ப மேடையில நின்னு பேசுறது?”

“அது பொய் இல்ல ஆச்சி. நெசமாவே ராத்திரி பகலா உழைச்சேன்.” குரல் தணிந்தது. “ஆனா உழைக்கிறதுக்கு ஒரு எடம் வேணும்ல? அந்த எடத்த அப்பச்சி போட்டுக் குடுத்தாக. ‘மொதல்ல ஒரு அப்பச்சி வேணும்’னு ரகசியத்துல எழுதுனா எவன் வந்து உக்காருவான்?”

“நூறு பையங்க வேலைய விட்டுட்டு உக்காந்திருக்காகப்பா உள்ள.”

அவன் காகிதக் கோப்பையைக் கையில் உருட்டினான். கெட்டவனாகத் தெரியவில்லை. அதுதான் யூஜினியாவுக்கு அழுகையாக வந்தது. கெட்டவனாக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

“அப்பறம் ஆனந்த் என்ன சொன்னான்?”

“சிரிச்சான். ‘எனக்கும் நெசமான யூசர் ஒரு ஆளு இருக்கு சார். அதப் போயிப் பாக்கப்போறேன்’னான். அவ்வளவுதான். முன்ன ஒரு தடவ முப்பத்திரண்டு பேருன்னு பெருமையாச் சொன்ன பையன் ஒண்ணுங்கிறானேன்னு அப்ப எனக்கு உறைக்கல.”

யூஜினியாவுக்கு உறைத்தது.

* * *

காரின் பின்சீட்டில் தேனம்மை லேப்டாப்பை மடியில் வைத்துப் பட்டியலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். முப்பத்திரண்டு பெயர். முப்பத்தொரு பேர் ‘பெரிய வீடு, காரைக்குடி’ என்ற ஒரே வீட்டின் பங்காளிகள். ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். கோலாலம்பூர், சென்னை, டல்லாஸ். மிச்சம் ஒரே ஒரு பெயர், ‘அகல்யா, ராம. வீடு, நெற்குப்பை.’

“வண்டி ஓட்டிப் போற தூரத்துல ரெண்டு பேருதான் இருக்காக,” என்றாள். “நெற்குப்பையில இந்த அகல்யா. சிங்கம்புணரியில ஒரு மெய்யநாதன். அகல்யா நெனச்ச நேரம் வருது, போகுது. மெய்யநாதன் நாள் தவறாம காலையில தொறக்குறாரு. நெசமான ஆளுன்னா யாருத்தா? உனக்கு என்ன தோணுது?”

யூஜினியா வாயைத் திறந்தாள். உண்மை நாக்கின் நுனியில்தான் இருந்தது. அதைச் சொன்னால் ஏழு மாதமாகச் சொல்லாததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

“தெரியல ஆச்சி.”

“அப்ப சிங்கம்புணரிக்கே போவோம்.”

குன்றக்குடி வரட்டும், சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். குன்றக்குடி வந்தது, போனது. பிள்ளையார்பட்டி விலக்கு வரட்டும் என்று நினைத்தாள். அதுவும் போனது. திருப்பத்தூரில் வலது கைப்பக்கம் நெற்குப்பைக்குப் பிரியும் ரோடு ஜன்னலில் நழுவிப் பின்னால் போனபோது, கழுத்தைத் திருப்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி நாலு நாற்பது. கார் சிங்கம்புணரி ரோட்டில் ஏழெட்டுக் கிலோமீட்டர் போயிருக்கும்.

“சோணை, ஓரங்கட்டு,” என்றாள் தேனம்மை.

“ஸ்டாப்பே இல்லாத எடத்துலயா?”

“எறங்குறதுக்கு இல்ல. ஏத்துறதுக்கு.” அவள் லேப்டாப்பை யூஜினியா பக்கம் திருப்பினாள். குரலில் கோபம் இல்லை. “இந்த முப்பத்தொரு பேரும் அவுக அவுக கோயிலப் போட்டிருக்காக பாரு. எங்க ஆளுகளுக்கு ஒம்பது கோயிலு. மெய்யநாதன் மாத்தூர்க் கோயில். அவரு கூடப்பொறந்த தம்பின்னு போட்டிருக்கிறவரு வைரவன்கோயில். இன்னொரு தம்பி நேமம். ஒரே தகப்பன் வழியில வந்தவுகதான்த்தா ஒரு வீட்டுக்குப் பங்காளியாக முடியும். பங்காளின்னா ஒரே கோயிலு. ரெண்டு கோயில்னா சம்பந்தம் பண்ணலாம்.”

“அப்ப இந்த வீட்டுல அண்ணனும் தம்பியுமே சம்பந்தி ஆகிக்கலாம்,” என்றான் சோணை. “கல்யாணச் செலவு மிச்சம்.”

“எங்க ஆளுக வயசக் குறைப்பாக. சம்பளத்த ஏத்துவாக. கோயிலத் தப்பாச் சொல்லவே மாட்டாக. இத நிரப்புனது எங்க ஆளு இல்ல. கோயில்னா ஆளுக்கொண்ணு இருக்கலாம்னு நெனைக்கிற வேற யாரோ.”

யூஜினியாவின் கண்ணில் நீர் கோத்தது. “எங்க சர்ச்சுல பெரியப்பா ஒரு ஊருப் பங்குக் கோயிலு, சித்தப்பா வேற ஊருப் பங்குக் கோயிலு ஆச்சி… அந்த மாதிரின்னு…”

“நெனச்சேன்.” தேனம்மை விரலால் திரையைத் தள்ளினாள். “அடுத்து இது. கோலாலம்பூர், டல்லாஸ், சென்னை, எந்த ஊரா இருந்தாலும் நம்மூரு மணி அஞ்சுக்குத்தான் தொறக்குறாக. ரெண்டு நிமிசத்துக்கு ஒரு ஆளு. ஒருத்தர் பின்னால ஒருத்தர். தெனமும் அதே வரிசை.”

“ரேஷன் கடை வரிசையிலகூட ஒருத்தன் குறுக்க நுழைஞ்சிருவான் ஆச்சி. இது ஸ்கூலு வரிசை.”

“ஸ்கூலேதான். மார்ச் மூணாந்தேதியில இருந்து இருபத்தஞ்சு வரைக்கும் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. டல்லாஸ்ல இருக்கிறவருக்குமா பிளஸ் டூ பரீட்சை?”

ரோட்டில் ஒரு லாரி கடந்து போனது.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா பாப்பா?” என்றான் சோணை, திரும்பாமலே. அவன் குரல் முதல் தடவையாகக் கேலியை விட்டிருந்தது. “மத்தியானம் உன் பையில மணி அடிச்சுச்சே, நான் எண்ணுனேன். வேணும்னு இல்ல. தலை எண்ணி எண்ணியே பழகிருச்சு. முப்பத்தொண்ணு. ஆனா லிஸ்ட்டுல முப்பத்திரண்டு. மொதல்ல ஒருத்தரு டிக்கெட் எடுக்காம ஏறிட்டாருன்னு நெனச்சேன். இப்பத்தான் தெரியுது. வண்டியில டிக்கெட் எடுத்த ஆளே ஒருத்தருதான்.”

யூஜினியா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சொன்னாள். அழுகைக்கு நடுவே, முன்னுக்குப் பின்னாக.

டிசம்பரில் தொடங்கியது. அப்போது அண்ணன் வீட்டில் இருந்தபடிதான் கோயம்புத்தூர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆப் வெளியே வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மொத்தமே இரண்டு பேர். ஒன்று அவன், இன்னொன்று சோதித்துப் பார்ப்பதற்காக அவனே வைத்துக்கொண்ட இன்னொரு பெயர். அந்த இரண்டையும் பிறகு கணக்கில் இருந்து எடுத்துவிட்டான். தினமும் சாப்பிட உட்கார்ந்தால் இடது கையில் போனை வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பான். சோறு காய்ந்து போகும். ஒரு நாள் அவள் அம்மாவின் பழைய போனை எடுத்து, வாயில் வந்த ஒரு செட்டியார் பெயரை வைத்துச் சேர்ந்துவிட்டாள். அடுத்த நிமிடம் அண்ணன் சமையல்கட்டுக்கு ஓடி வந்தான். ‘அம்மா, ஒருத்தர் சேந்திருக்காரும்மா! கோலாலம்பூர்க்காரரு!’ அம்மாவைத் தூக்கிச் சுற்றினான். அவன் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

அப்புறம் ஒன்று, இன்னொன்று. எதற்கோ விண்ணப்பிக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் மிஸ் சொல்லி, வகுப்புக்கே மெயில் திறந்து கொடுத்தது அவள்தான். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு. அந்த மெயில்களை வைத்தே, வருகைப் பதிவேட்டு வரிசையில், அம்மாவின் பழைய போனில் முப்பத்தொரு பேரைச் சேர்த்துவிட்டாள். சேர்ந்தவர்கள் திறக்காமல் இருந்தால் அண்ணனின் முகம் மறுபடி விழுந்துவிடும். அதனால் காலை ஐந்து மணிக்கு அலாரம். படிப்பதாகச் சொல்லிக்கொண்டு, முப்பத்தொரு தடவை உள்ளே போய் வெளியே வருவாள்.

“மே மாசம் வேலைய விடப்போறேன்னு அம்மாகிட்ட சொன்னான் ஆச்சி. ‘தெனமும் முப்பத்தொரு பேரு தொறக்குறாங்கம்மா’ன்னு சொன்னான். நான் பக்கத்துலதான் நின்னேன். கையில தட்டோட. வாயத் தொறக்கல. அப்பவும் தொறக்கல. இப்பவும்…”

“அந்த அகல்யா?”

“அது நான் இல்ல ஆச்சி.”

சோணை ஏற்கெனவே வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

* * *

நெற்குப்பையில் கார் நின்றபோது ஐந்து நாற்பது. ராம. வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிந்தது. முன்வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். இடுப்பில் ஒரு கொத்துச் சாவி.

“அகல்யாவா?” என்றாள் தேனம்மை.

“ஆமா. நீங்க யாரு? பங்காளி வீட்டு ஆளுகளா?”

“ஆனந்த்னு ஒரு பையன்…”

“அந்தத் தம்பியா? வியாழக்கிழம பொழுதடையத்தான் வந்துச்சு. வந்ததும் வராததுமா ‘நீங்க நெசமான ஆளுதானக்கா?’ன்னு கேட்டுச்சு. கிள்ளிப் பாருப்பான்னேன்.” அவள் சிரித்தாள். “கிள்ளல. ஆனா கண்ணு கலங்கிருச்சு. எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. சாப்பிட்டியாப்பான்னு கேட்டு, முகப்புல பாய் போட்டுக் குடுத்தேன். நானும் எங்க வீட்டுக்காரரும் பின்கட்டுலதான் இருக்கோம்.”

“நீங்கதான் அதுல தெனமும் எழுதுறீகளா?”

“இந்த வீட்டுக்குப் பதினாலு பங்காளிக. ஒருத்தரும் அதுல இல்ல. வீட்டப் பாத்துக்கிறதுக்கு நான் ஒருத்திதான். என்னக்கி எந்த ரூம்ல ஒழுகுச்சு, எந்தக் கதவு எறங்குச்சு, எல்லாம் எழுதிப் போடுவேன். யாரும் படிக்க மாட்டாகன்னு தெரியும். ஆனா எழுதிட்டா மனசு லேசாயிரும். தம்பி சொல்லுச்சு, ‘ஒரு வரி விடாம நான் படிச்சிருக்கேன்க்கா’ன்னு. எந்த ரூம்ல எத்தனை சட்டி வச்சிருக்கேன்னு என்கிட்டயே சொல்லுச்சு.”

“இப்ப எங்க?” யூஜினியாவின் குரல் கீச்சென்று வந்தது.

அகல்யாவின் சிரிப்பு மெல்ல இறங்கியது. “ஊருணிக்குப் போறேன்னுச்சு. அஞ்சரைக்கு. போறப்ப மூஞ்சி நல்லா இல்ல. ‘ஆறு மணிக்கு மேல எழுதாதீங்கக்கா, படிக்கிறதுக்கு ஆளு இருக்காது’ன்னு சொல்லிட்டுப் போச்சு…”

அவள் முடிப்பதற்குள் யூஜினியா ஓடியிருந்தாள். எந்தப் பக்கம் என்றுகூடக் கேட்கவில்லை. பின்னாலிருந்து அகல்யா கத்தினாள். “அங்குட்டு இல்ல பாப்பா, இங்குட்டு! கோயிலுக்குப் பின்னால!”

ஊருணியின் மேல்படியில் ஒரு ஜோடிச் செருப்பு. அண்ணனுடையது. இடது செருப்பின் வார் பிய்ந்து, ஊக்குப் போட்டிருந்தது. அந்த ஊக்கு யூஜினியாவின் பள்ளிக்கூடத் தாவணியில் இருந்து எடுத்தது.

தண்ணீர் அசையவில்லை.

“அண்ணே!” என்று கத்தினாள். எதிர்க்கரை மதில் அதைத் திருப்பிச் சொன்னது. மூச்சிரைக்க வந்து சேர்ந்த சோணை சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான். “சோணை, உனக்குத்தான் நீச்சலே தெரியாதே!” என்றாள் தேனம்மை. “தெரியாதுதான் ஆச்சி,” என்று சொல்லிக்கொண்டே அவன் இரண்டு படி இறங்கிவிட்டான்.

“யூஜி.”

படித்துறை ஓரத்து மண்டபத்தூணுக்குப் பின்னால், கால் நனைய உட்கார்ந்திருந்தான் மரிய ஆனந்த். தாடி. கசங்கிய சட்டை. கையில் போன். அவளைப் பார்த்து எழுந்திருக்கவும் இல்லை, ஓடவும் இல்லை.

யூஜினியா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். தேனம்மை இறங்கிப் போய், அவனுக்கும் தண்ணீருக்கும் நடுவே இருந்த படியில் புடவை நனைய உட்கார்ந்துகொண்டாள். குளிக்க வந்தவள் மாதிரி. சோணை அந்தப் பக்கம். அவன் பொத்தானைப் போட மறந்துவிட்டான்.

“எப்படிக் கண்டுபிடிச்ச?” என்றான் ஆனந்த்.

“நான் ஒண்ணு சொல்லணும்ணே. அந்த முப்பத்தொரு பேரும்…”

“தெரியும்.”

“நாராயண் சார் சொன்னதுக்கப்புறமா?”

“மார்ச்சுலயே தெரியும். இருபத்து மூணு நாள் ஒருத்தரும் வரல. கடைசிப் பரீட்சைய நீ எழுதிட்டு வந்து படுத்த. மறுநா காலையில அஞ்சு மணிக்கு அம்புட்டுப் பேரும் வந்துட்டாக. நான் அடுத்த ரூம்ல முழிச்சுத்தான் கெடந்தேன். மொதல்ல உன் அலாரம் அடிச்சுச்சு. அப்பறம்தான் கோலாலம்பூர்ல விடிஞ்சுச்சு.” அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை.

“தெரிஞ்சுமா வேலைய விட்ட?”

“தெரிஞ்சதுனாலதான் விட்டேன்.”

அவளுக்குப் புரியவில்லை. அவன் போனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தபடி, தண்ணீரிடம் சொல்வது மாதிரி சொன்னான்.

“மொதல்ல அவமானமா இருந்துச்சு. அப்பறம் யோசிச்சேன். ஒருத்தி இருட்டோட எந்திரிச்சு முப்பத்தொரு தடவை எனக்காக உள்ள போயிட்டு வாரா. படிக்கிற புள்ள. இம்புட்டு நம்புறதுக்கு ஒரு ஆளு இருந்தா போதாதா? நாராயண் சார ஆயிரம் பேரு நம்புனாக, என்னைய ஒருத்தி. வேலைய விடாம இருந்தா அந்த ஒருத்திய நான் ஏமாத்துன மாதிரின்னு பட்டுச்சு. விட்டுட்டேன்.”

“அண்ணே…”

“வியாழக்கிழமை அவரு சொன்னாரு, அந்த ஆயிரம் பேரும் நம்பிப் போடலையாம். அவுக அப்பச்சியும் நம்பலையாம். பாவம்னு செஞ்சாகளாம்.” அவன் முதல் தடவையாகத் திரும்பி அவள் கண்ணைப் பார்த்தான். “அதுல இருந்து ரெண்டு நாளா எனக்கு ஒண்ணுதான் ஓடுது, யூஜி. ஆப்பு போனா போகட்டும். வேலை இன்னொண்ணு தேடிக்கலாம். உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். கேக்கப் பயந்துதான் வீட்டுக்கு வரல.”

போன் திரையில் ஐந்து ஐம்பத்தெட்டு. தேனம்மை தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கை அவன் கணுக்காலுக்குப் பக்கத்தில், பிடிக்கத் தயாராக இருந்தது.

யூஜினியாவுக்குத் தெரிந்துவிட்டது, அவன் என்ன கேட்கப்போகிறான் என்று. அவன் வாய் திறப்பதற்குள் பதிலைத் தேடி உள்ளே ஓடினாள். டிசம்பர். காய்ந்துபோன சோறு. இடது கைப் போன். அம்மாவின் பழைய போனை எடுத்தபோது தனக்குள் என்ன இருந்தது? இந்த ஆப் ஜெயிக்கும் என்று ஒரு நாளாவது நினைத்தாளா? ஜெயிக்காது என்று நினைத்தாளா? இரண்டையும் நினைத்த மாதிரியும் இருந்தது, எதையும் நினைக்காத மாதிரியும் இருந்தது. எதைச் சொன்னால் அவன் எழுந்து கூட வருவான் என்று மட்டும் தெரிந்தது. அதைச் சொன்னால், அது முப்பத்திரண்டாவது பொய் ஆகிவிடுமோ என்றும் பயமாக இருந்தது.

“சொல்லு, யூஜி,” என்றான் ஆனந்த். “நம்பிச் செஞ்சியா, பாவம்னு செஞ்சியா?”